கிரவல் ரோட்டில் ஷொக் என்ன செய்கிறது? முதல் முறையாக இரண்டு பக்கமும் ஷொக் உள்ள சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு

மாரி முடிந்து ஒரு மாதம் போனபின் ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கிப் பாருங்கள். ரிப்பரும் உழவு மெஷினும் ஓடி ஓடி, கிரவல் ரோட்டு தகரக் கூரை மாதிரி வரிவரியாக எழும்பி நிற்கும். சாதாரண சைக்கிளில் அதில் பத்து நிமிடம் ஓடினால் கை விறைத்துவிடும். சித்தியின் மகன் போன கிழமை கேட்டான்: "அண்ணை, 160 மில்லிமீற்றர் ட்ரவல் உள்ள மவுண்டன் பைக்கை எடுக்கட்டோ? கூட இருந்தால் நல்லதுதானே?"

இல்லை. ட்ரவல் என்பது, அடியை வாங்கிச் சுருங்கி நீளும் ஷொக்கினால் சில்லு மேலும் கீழும் அசையக்கூடிய தூரம். கிராஸ் கன்ட்ரி வகையில் 100 முதல் 120, ட்ரெயில் வகையில் 120 முதல் 150, மலையிலிருந்து கீழே பாய்வதற்கென்றே செய்த டவுன்ஹில் வகையில் 200 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். எங்களுக்கு மேடு என்றால் குளக்கட்டுத்தான், 120 தாராளம். அதற்கு மேலே போனால் பாரம் கூடும், சமதரையில் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை ஷொக்கே விழுங்கும்.

பார்க்கவேண்டியது ஷொக்கின் உள்ளே. அங்கே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஸ்பிரிங், இரும்புச் சுருளாகவோ அடைத்த காற்றாகவோ இருக்கும், வாங்கிய அடியைத் திருப்பித் தரும், அது மட்டும் இருந்தால் ஒவ்வொரு கிடங்குக்கும் சைக்கிள் துள்ளிக்கொண்டே இருக்கும். மற்றது டாம்பர். எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், அதில் சின்னச் சின்னத் துளைகள். ஊசிக் குழாயில் நல்லெண்ணெயை இழுத்துத் தள்ளிப் பாருங்கள்: மெதுவாகத் தள்ளினால் போகும், வேகமாகத் தள்ளினால் கட்டைவிரல் நோகும். இந்த எதிர்ப்புத்தான் துள்ளலைச் சூடாக்கித் தீர்த்துவிடுகிறது.

டாம்பர் இல்லாமல் சுருளை மட்டும் பூட்டிய சைக்கிள்களும் விற்பனைக்கு இருக்கின்றன. கடையிலேயே பிடித்துவிடலாம். சீற்றில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிச் சட்டென்று விடுங்கள், ஒரே தரம் எழும்பி அடங்கினால் சரி, இரண்டு மூன்று தரம் ஆடினால் தயவுசெய்து வாங்கவேண்டாம். அதே காசுக்கு முன் போர்க்கில் மட்டும் ஷொக் உள்ள நல்ல சைக்கிள் எவ்வளவோ மேல்.

சரி, அந்தத் தகரக்கூரை ரோட்டுக்கு ஒரு கணக்கு. வரிக்கு வரி 60 சென்ரிமீற்றர், வேகம் மணிக்கு 18 கிலோமீற்றர் என்று வையுங்கள். செக்கனுக்கு 5 மீற்றர் போகிறோம், அதாவது சில்லு செக்கனுக்கு 8 தரத்துக்கு மேல் அடி வாங்குகிறது, ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடையில் 0.12 செக்கன். அதற்குள் ஷொக் திரும்ப நீளாவிட்டால் அடுத்த அடி பாதி சுருங்கிய ஷொக்கில் விழும், அதற்கடுத்தது இன்னும் சுருங்கியதில், இப்படியே போய் ஷொக் கட்டையாகிவிடும். நீளும் வேகத்தை மாற்றுவது ரிபவுண்ட் திருகி, பெரும்பாலும் சிவப்பு நிறம். அது இல்லாத ஷொக்கை எங்கள் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

அடுத்தது சாக். ஏறி இருந்ததும் ஷொக் கொஞ்சம் அமிழவேண்டும், பின்னுக்கு 25 முதல் 30 சதவீதம். சில்லு கிடங்குக்குள் இறங்கவும் இடம் வேண்டுமல்லவா? ஷொக் தண்டில் ஒரு றபர் வளையம் இருக்கும். அதை ஷொக்கின் உடலில் முட்டும்வரை தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி இருந்து, ஆட்டாமல் இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று அடிமட்டத்தால் அளவுங்கள். தண்டு 50 மில்லிமீற்றர் ஓடுமென்றால் 13 முதல் 15 வரை நிற்கவேண்டும். நான் என் முதல் சைக்கிளைக் கடையில் அடித்த காற்றோடேயே மூன்று மாதம் ஓடினேன், வளையம் 6 மில்லிமீற்றரைத் தாண்டவில்லை, முதுகு நோ வேறு. காற்றைக் குறைத்த பிறகுதான் நான் வாங்கியது என்னவென்று விளங்கியது.

அந்த 50 மில்லிமீற்றர் தண்டு 120 மில்லிமீற்றர் ட்ரவலைத் தாங்குகிறதென்றால், சில்லில் விழும் பலம் சராசரியாக 2.4 மடங்காகித் தண்டில் விழுகிறது. அதனாலும்தான் ரயருக்கு 25 பிஎஸ்ஐ அளவு காற்றழுத்தம் போதும்போது ஷொக்குக்கு 150, 200 என்று தேவைப்படுகிறது. சாதாரண பம்ப் இதற்குச் சரிவராது.

அப்புறம் புழுதி. தண்டில் ஒட்டிய கிரவல் தூள், உள்ளே இருப்பது கசியாமல் தடுக்கும் றபர் 'சீல்' வளையத்தை அரம் மாதிரி அராவும். ஓடி வந்ததும் மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள், வேகமாகத் தண்ணீர் பீச்சி அடிக்கவேண்டாம்.

தம்பி இப்போது 120 மில்லிமீற்றரில், காற்று ஷொக்கும் சிவப்புத் திருகியும் உள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். ஷொக் பம்பையும் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.