ஓரம் தூக்கும் ஸ்டிக்கர் என்ன சொல்கிறது?

ஒட்டிக் கொடுத்த போர்டு சில மாதங்களில் ஓரம் தூக்கித் திரும்பி வந்தால், பழி முதலில் பசைமேல்தான் விழும். வினைல் ஸ்டிக்கர் கடை நடத்துபவர் அதை உடனே உரித்து எறிந்துவிடக் கூடாது. எதனால் கிளம்பியது என்பதற்கான தடயம் அந்த ஓரத்திலேயே இருக்கிறது.

எழுத்துகளைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். விரல் வைத்தால் பிசுபிசுக்கும். அது தூசி படிந்த பசை. ஒட்டிய இடத்தில் பசை அப்படியே நிற்க, மேலிருந்த ஃபிலிம் மட்டும் உள்ளே சுருங்கியிருக்கிறது. இங்கே குற்றவாளி பசை அல்ல, ஃபிலிம்.

வினைல் ஃபிலிம் பிவிசியால் ஆனது. பிவிசி இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க வழி தேடிக்கொண்டிருந்த வால்டோ செமன், அதிகக் கொதிநிலை கொண்ட கரைப்பானில் பிவிசியைச் சூடாக்கினால் அது வளைந்து கொடுக்கும் பொருளாகிறது என்று 1926-இல் கண்டார். இப்படி நெகிழ்வு தரச் சேர்க்கும் பொருள்தான் பிளாஸ்டிசைசர். அதைக் கலந்த பிவிசியை ஃபிலிமாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சூடான உருளைகளுக்கு இடையே நசுக்கி இழுப்பது. இது காலண்டர்டு வினைல். தடிமன் பெரும்பாலும் 70 முதல் 100 மைக்ரான். இழுத்த இழுப்பில் நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் நீண்டு, அந்த நிலையிலேயே குளிர்ந்துவிடுகின்றன. வெயிலில் சூடேறும்போது, இழுத்துப் பிடித்த ரப்பரை விட்டதுபோல அவை பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். இன்னொன்று காஸ்ட் வினைல். திரவ நிலையில் ஊற்றிப் பரப்பி, அடுப்பில் காயவைப்பது; சுமார் 50 மைக்ரான்தான் இருக்கும். அதை யாரும் இழுக்கவில்லை, எனவே திரும்பிச் சுருங்க வேண்டிய அவசியம் அதற்கு மிகக் குறைவு.

சமதளமான உள்ளரங்கப் போர்டுக்குக் காலண்டர்டு தாராளமாகப் போதும். வண்டியின் வளைவுகளிலும் ரிவெட் தலைகளிலும் அதை ஒட்டி மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல. உரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டும் கூலி அதைவிட அதிகம். காலண்டர்டிலும் மோனோமெரிக், பாலிமெரிக் என்று இரண்டு வகை உண்டு. மோனோமெரிக்கில் உள்ள பிளாஸ்டிசைசரின் மூலக்கூறுகள் சிறியவை. அவை மெல்ல நகர்ந்து பசைக்குள் இறங்கிவிட, பசை இளகும், ஃபிலிம் விறைத்து வெடிக்கும். பாலிமெரிக்கில் மூலக்கூறுகள் பெரியவை, அவ்வளவு எளிதில் இடம்பெயராது.

கறுப்புக் கோடு இல்லை, பசையும் ஃபிலிமோடு சேர்ந்து சுத்தமாக எழுந்து வந்திருக்கிறது என்றால், ஒட்டிய பரப்புதான் பசையை ஏற்கவில்லை. பசை பிடிக்க வேண்டுமென்றால் அது பரப்பின்மேல் பரவ வேண்டும். பரவுமா, ஒதுங்குமா என்பதைப் பரப்பு ஆற்றல் தீர்மானிக்கிறது; அது கூடுதலாக இருந்தால் பசை நன்றாகப் பரவும். பாலிஎத்திலீனுக்கு இது மீட்டருக்குச் சுமார் 31 மில்லிநியூட்டன், அக்ரிலிக்குக்கு 38-ஐ ஒட்டி. சுத்தமான கண்ணாடியிலும் உலோகத்திலும் பல நூறு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். படர்ந்தால் நல்லது. முத்தாக உருண்டு நின்றால் அது ஆற்றல் குறைந்த பிளாஸ்டிக்காக இருக்கும், அல்லது மேலே மெழுகோ சிலிக்கான் பாலிஷோ இருக்கும். முன்னதற்கு ஹை-டாக், அதாவது பிடிப்பு அதிகமுள்ள பசை கொண்ட வினைல் வேண்டும். பின்னதற்கு, மெழுகையும் சிலிக்கானையும் நீக்கும் கிளீனரால் சுத்தம் செய்தால் போதும். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அது ஆவியாகும் முன்பே இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தானாகக் காயவிட்டால், கரைந்த அழுக்கு அதே இடத்தில் மறுபடி படியும்.

ஸ்டிக்கர் பசை விசித்திரமான பொருள். மெதுவாக அழுத்தினால் திரவம்போல் நுண்ணிய பள்ளங்களுக்குள் வழிந்து இறங்கும். சட்டென்று இழுத்தால் திடப்பொருள்போல் எதிர்க்கும். அதன் விறைப்பு சுமார் 3 லட்சம் பாஸ்கலைத் தாண்டினால் தொட்டவுடன் ஒட்டும் தன்மை போய்விடும் என்று 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்குவிஸ்ட் கண்டறிந்தார். குளிரில் பசை இந்த வரம்பை நோக்கி விறைக்கிறது. பல வினைல்களை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஒட்டாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். ஸ்க்வீஜி என்னும் தேய்ப்புத் தகட்டை அழுத்தி, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன்மேல் பாதி ஏறும்படி தேய்ப்பது காற்றை வெளியேற்ற மட்டுமல்ல, பசையைப் பள்ளங்களில் இறக்கவும்தான். முழுப் பிடிப்பு வர ஒன்றிரண்டு நாளாவது ஆகும். தண்ணீர் தெளித்து ஒட்டினால் இன்னும் தாமதமாகும். அதுவரை வண்டியைக் கழுவ வேண்டாம் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

பிரிண்ட் செய்த வேலையில் பசை இளகி நூல் நூலாக வந்தால், சால்வென்ட் (கரைப்பான்) கலந்த இங்க் காயும் முன்பே லேமினேஷன், அதாவது மேலே ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம், போட்டிருக்கக்கூடும். வெளியே போக வழியில்லாத சால்வென்ட் ஃபிலிம் வழியே பசைக்குள் இறங்கிவிடும். குறைந்தது 24 மணி நேரம் ஆறவிடுங்கள். இறுகச் சுருட்டி வைத்தால் உள்சுற்றுகளில் காற்றே படாது. தளர்த்தியோ தொங்கவிட்டோ வைக்க வேண்டும்.

வண்டியின் பள்ளங்களில் மட்டும் காஸ்ட் வினைலும் எழும்பும். அங்கே அதை இழுத்தது நாம். ஒட்டி முடித்தபின் ஹீட் கன் பிடித்து, தயாரிப்பாளர் குறித்த வெப்பநிலைக்கு ஏற்ற வேண்டும். பல ஃபிலிம்களுக்கு அது 90 டிகிரிக்கு மேல். கைச்சூட்டை நம்பாமல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். அந்தச் சூட்டில் மூலக்கூறுகள் இழுவிசையை விட்டுப் புதிய வடிவத்தில் அமர்கின்றன. மறுநாள் அதே பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்து, ஃபிலிம் எழும்பாமல் அடியில் உட்கார்ந்திருந்தால் வண்டியை ஒப்படைக்கலாம்.