விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்: குறைமாத வலி பற்றி

கூடலூர், பந்தலூர் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து குறைமாத வலியோடு வருகிற பெண்களிடம் வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் இதுதான்: "நேத்து சாயங்காலமே லேசா இருந்துச்சு டாக்டர், சூட்டு வலின்னு நெனச்சோம்." சீரகத் தண்ணீர் குடித்திருப்பார்கள், அடிவயிற்றில் விளக்கெண்ணெய் தடவியிருப்பார்கள், இடுப்புக்கு வெந்நீர் ஊற்றியிருப்பார்கள். வெளியே மழை, ராத்திரி நேரம், ரோட்டில் யானை நின்றாலும் நிற்கும், அதனால் விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்திருப்பார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அந்த ரோடு எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு ராத்திரியில் மருத்துவத்தால் எவ்வளவோ செய்ய முடியும் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

37 வாரம் முடிவதற்கு முன்னால் பிரசவ வலி வந்தால் அது குறைமாத வலி. வாரக் கணக்கை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் மாதக் கணக்குதான் ஓடுகிறது, "ஒன்பது நடக்குது" என்றால் அது 33 வாரமாகவும் இருக்கலாம், 36 ஆகவும் இருக்கலாம். ஒன்பது வந்தாச்சே, பிறந்தால் பிறக்கட்டும் என்று மாமியார் நிம்மதியாக இருப்பார், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தால் 33 வாரம்தான் ஆகியிருக்கும். இன்னொரு நம்பிக்கையும் உண்டு, ஏழில் பிறந்த பிள்ளை தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று. இதில் ஒரு துளி உண்மைகூடக் கிடையாது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம்தான், எட்டில் பிறக்கிற குழந்தைக்கு ஏழில் பிறப்பதைவிட எப்போதும் வாய்ப்பு அதிகம்.

இது எங்கோ ஒருவருக்கு வருகிற சங்கதியும் இல்லை. 2020இல் உலகம் முழுக்கப் பிறந்த குழந்தைகளில் பத்தில் ஒன்று குறைமாதம், அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம்.

சரி, வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? சினிமாவில் வருகிற மாதிரி அலறுகிற வலியை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். ஆரம்பத்தில் இது மாதவிடாய் நேரத்து வலி போலத்தான் இருக்கும், அடிவயிற்றில் இழுக்கும், இல்லையென்றால் இடுப்பில் மட்டும் வந்து வந்து போகும், சிலருக்கு வலியே இருக்காது, வயிறு அவ்வப்போது கல்லாக இறுகித் தளரும், அவ்வளவுதான். குழந்தை கீழே அழுத்துகிற மாதிரி கனம், வெள்ளைப்படுதல் திடீரென்று அதிகமாவது அல்லது தண்ணீராகவோ கோழையாகவோ ரத்தம் கலந்தோ வருவது, இவையும் அடையாளங்கள்தான். வயிற்றுப்போக்கு போல வயிற்றைக் கலக்குவதையும் சில பெண்கள் சொல்வார்கள்.

விரல் நுனிகளை வயிற்றின் மேல், தொப்புளுக்குச் சற்று மேலே வைத்துப் பாருங்கள். இறுகாத நேரத்தில் கன்னத்தைத் தொடுவது போல அமுங்கும், இறுகும்போது நெற்றியைத் தொடுவது போல இருக்கும். வயிறு முழுக்க அப்படி இறுகி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நின்று, தளர்ந்து, மறுபடியும் இறுகுகிறதா என்று கவனியுங்கள். பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும், படுத்தால், நடந்தால், தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது, இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஆனால் இந்த வித்தியாசத்தை வீட்டில் இருந்தபடி உறுதியாகச் சொல்ல உங்களாலும் முடியாது, பல நேரம் எங்களாலேயே பரிசோதிக்காமல் முடியாது.

ஆகவே, சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரம் மட்டும் உங்களுக்கு. சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை இறுகும்போதும் மணியைக் குறித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறையோ அதற்கு மேலோ வந்தால் கிளம்ப வேண்டியதுதான். தண்ணீர் உடைந்தாலோ, சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ இந்த ஒரு மணி நேரமும் கிடையாது, உடனே கிளம்புங்கள். கசிவது தண்ணீரா சிறுநீரா என்று தெரியாவிட்டால் சுத்தமான நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு வாருங்கள், அதன் நிறமும் வாடையும் எங்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அது வலியை மறைக்கும், சில வலி மாத்திரைகள் இந்த மாதங்களில் குழந்தையின் இதயத்துக்கே கெடுதல்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். சீக்கிரம் வந்தால் வலியை நிறுத்திவிடுவீர்களா என்று கேட்பார்கள். சில சமயம் நிற்கும், சில சமயம் நிற்காது. மாத்திரை கொடுத்து நாங்கள் வாங்கப் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளில் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம், டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு, பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. 24 முதல் 34 வாரம் வரையிலான குழந்தையின் நுரையீரலை மூச்சு விடுவதற்குத் தயார் செய்வது இந்த ஊசிதான், மூளையில் ரத்தக்கசிவு வருவதையும் குறைக்கும். விலை ரொம்பக் குறைவு. முழு டோஸும் முடியாவிட்டால்கூட ஓரளவு பலன் உண்டு, அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே முதல் ஊசியைப் போட்டுவிடப் பார்க்கிறோம். 32 வாரத்துக்கு முன்னால் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் கொடுப்போம். விடிந்து, கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்த பிறகு வந்தால் இதில் எதற்கும் நேரம் இருக்காது.

மலையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், நடுவட்டம் ஏறி பைக்காரா தாண்டிப் போக வேண்டும், ஆடி மழையில் எங்காவது மரம் சாய்ந்து கிடந்தால் அதோடு சரி. கோவைக்கு இறங்க வேண்டி வந்தால் அதற்கு மேலும் பல மணி நேரம். ஒன்றரைக் கிலோ குழந்தை பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் அந்த வளைவுகளில் போவதைவிட, அம்மா வயிற்றில் இருந்தபடியே போய்ச் சேருவது எத்தனையோ மடங்கு நல்லது.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). கொழுந்து பறிக்கிறவர், இரண்டாவது கர்ப்பம், 30 வாரம். எடை போடும் இடத்தில் நிற்கும்போது இடுப்பு வலி, கூடை தூக்கினதால் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். லைன் வீட்டில் நாத்தனார் மட்டும் "தூக்கினதுக்கு வந்த வலின்னா சும்மா இருக்கும்போதும் வலிக்கணும்ல, இது ஏன் அண்ணி விட்டு விட்டு வருது?" என்று கேட்டு நர்ஸம்மாவுக்கு போன் போட்டிருக்கிறார். ராத்திரியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி, அங்கிருந்து 108. சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தது, மருந்து கொடுத்ததும் வலி அடங்கியது, பிரசவம் பல வாரம் கழித்துத்தான் ஆனது.

அந்தச் சிறுநீர்த் தொற்றை நான் இங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குளிருக்குத் தாகமே எடுக்காது, தேயிலைக் காட்டில் ஒதுங்க இடமும் கிடையாது, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், வந்தாலும் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். குறைமாத வலிக்கு இந்தத் தொற்று தெரிந்த காரணம். இதைக் கர்ப்பிணிகளிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை கட்டித் தர வேண்டியவர்களிடமும் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். இரட்டைக் குழந்தை, ரத்தசோகை, புகையிலை போடும் பழக்கம், ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ரொம்பக் குறைவாக இருப்பது, இவையும் ஆபத்தைக் கூட்டும். இவற்றில் எதுவுமே இல்லாதவர்களுக்கும் வரும். அதனால் பப்பாளி தின்றாய், கிரகணத்தில் வெளியே வந்தாய் என்று அந்தப் பெண்ணை யாரும் குடைய வேண்டாம். வார்டில் படுத்திருக்கிறவர் ஏற்கெனவே 'என்னால்தானோ' என்று அழுதுகொண்டுதான் இருப்பார்.

வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கே பிரசவிப்பதில்லை. கர்ப்பப்பை வாயைப் பார்த்து, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவோம். "சும்மா வந்து உங்க நேரத்தை வீணாக்கிட்டோம்" என்று கூச்சப்படுவார்கள். கூச்சமே வேண்டாம், மறுநாள் வந்தாலும் மறுபடி பார்ப்போம். வீட்டுக்குப் போனதும் நாள் முழுக்கப் படுக்கையிலேயே கிடக்கவும் வேண்டாம், அதனால் குறைமாதப் பிரசவம் தடுக்கப்படுவதாக ஆதாரம் இல்லை. பாரம் தூக்குவதையும் நாளெல்லாம் நிற்பதையும் குறைத்தால் போதும்.

எத்தனையோ செய்தும் குழந்தை முன்னால் பிறந்துவிட்டால், நம் குளிருக்கு முதல் வேலை அதைக் கதகதப்பாக வைத்திருப்பது. அம்மாவின் நெஞ்சில் வெறும் உடம்போடு குழந்தையை அணைத்து வைப்பதுதான் கங்காரு முறை, அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். மூடின அறையில் கரிச் சட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை ஆளையே கொன்றுவிடும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு மலையேறுகிறவர்கள் செக்கப் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு, போன மறுநாளே அந்த ஊர் நர்ஸிடம் பதிந்துவிடுங்கள். எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் எது, ராத்திரி ஜீப் எடுக்கிறவர் யார் என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தின் முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள். 18 முதல் 24 வாரத்துக்குள் கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளப்போம், 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் புரோஜெஸ்டிரோன் மருந்தோ தையலோ தேவைப்படலாம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று அதில்தான் எழுதியிருக்கும்.