பாரமான கறுப்புக் கல் கிடைத்தால்: இரும்பு மங்கனீசுப் பொசுபேற்றுக் கனிமங்கள் பற்றி

வன்னியில் கிணறு வெட்டினாலும், கிறவல் கிடங்கு தோண்டினாலும், குளக்கட்டு திருத்தினாலும் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ பாரமான கல் ஒன்று அகப்படத்தான் செய்யும். குழாய்க்கிணற்றுக்கு இடம் பார்க்கப் போகும் என்னிடம், தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்று கேட்டுமுடித்த கையோடு, "ஐயா, இந்தக் கல்லை ஒருக்கா பாருங்கோ" என்று சாக்குப் பையை அவிழ்ப்பவர்கள் கனபேர். முன்பெல்லாம் இரும்பா, விண்கல்லா என்று கேட்பார்கள். இப்போது இலிதியமா, பொசுபேற்றா என்கிறார்கள். வட்ஸ்அப்பில் வருகிற செய்திகளின் வேலை அது. "உலகிலேயே அரிதான இரும்பு மங்கனீசுப் பொசுபேற்று, பற்றரிக்குப் போகிறது, கிலோ இலட்சக் கணக்கில்" என்று படத்தோடு வந்தால், வளவில் கிடக்கும் கல்லைத் திரும்பிப் பார்க்காமல் யார் இருப்பார்கள்?

அப்படியொரு கனிம வகை இருப்பது உண்மை. மற்றதெல்லாம் கதை.

கிராப்டனைற்று என்று ஒரு கனிமம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்துக் கிராப்டன் என்ற ஊரில் கிடைத்ததை 1900ஆம் ஆண்டு பென்ஃபீல்ட் என்ற கனிமவியலாளர் விவரித்தார். இரும்பு, மங்கனீசு, கொஞ்சம் கல்சியம், இவற்றோடு பொசுபேற்று. புதிதாக உடைத்த முகம் வெளிர்சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். மினுக்கம் கண்ணாடிக்கும் பிசினுக்கும் இடையில். பத்துப் படி கொண்ட மோஸ் அளவில் வன்மை 5, ஆகவே நல்ல உருக்குக் கத்தி கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் கீறும். சாரடர்த்தி, அதாவது அதே பருமன் தண்ணீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்பது, சுமார் 3.7. சாதாரணக் கருங்கல்லுக்கு இது 2.7 அளவில் நிற்பதால், கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரியும். வெளியில் கிடந்து காற்றும் மழையும் பட்டால் மங்கனீசு ஒட்சியேறி, கறுப்பாக ஒரு தோல் பிடித்துவிடும். குழப்பம் தொடங்குவது அந்தத் தோலில்தான். கறுப்புத் தோலும் பாரமும் உள்ள கல் நம் நிலத்தில் வேறு பல வகையில் தாராளமாகக் கிடக்கிறது.

இந்தக் குடும்பம் பிறக்கிற இடம் பெரும்பாலும் பெக்மடைற்று. கருங்கற் குழம்பு ஆறி இறுகிக்கொண்டு வரும்போது, எந்தக் கனிமத்துக்குள்ளும் இலேசில் நுழையாத மூலகங்களும் நீரும் கடைசிக் குழம்பில் மிஞ்சுகின்றன. பொசுபரசும் இலிதியமும் அந்த மிச்சத்தில் சேர்பவை. அது பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து பெரிய பெரிய பளிங்குகளாக உறைந்தால் பெக்மடைற்று. வவுனியாப் பக்கத்துக் கருங்கல் குவாரிகளில், சாம்பல் நிற நைசுப் பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஓடும் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பெல்ட்சுபார், குவாட்சு, இடையிடையே மினுங்கும் மைக்கா. ஆனால் எல்லாப் பெக்மடைற்றிலும் இந்தப் பொசுபேற்றுகள் இருப்பதில்லை. குழம்பு வெகுதூரம் பிரிந்து, பொசுபரசு செறிந்த சில பட்டைகளில் மட்டும், அதுவும் சிறு முடிச்சுகளாகத்தான் வரும். கிராப்டனைற்றும், சார்கோப்சைட்டு என்ற அதன் உறவுக் கனிமமும் சில இரும்பு விண்கற்களுக்குள்ளும் நுண்ணிய மணிகளாக இருக்கின்றன. அது வேறு பிறப்பு.

சரி, ஒரு கனிமத்துக்குப் பெயர் வைப்பது எப்படி? பொதுவாக முதலில் எதிரயனை, அதாவது எதிர் மின்னேற்றமுள்ள அணுக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். ஒரு பொசுபரசு அணுவைச் சுற்றி நான்கு ஒட்சிசன் அணுக்கள் நான்முகியாக நிற்பது பொசுபேற்றுக் கூட்டம். ஸ்ட்ரன்ஸ் என்ற ஜேர்மன் கனிமவியலாளரின் பெயரால் வழங்கும் வகுப்பாக்கத்தில் இது 8ஆம் வகுப்பு. ஆசனிக்கும் வனேடியமும் இதே நான்முகி வடிவம் எடுப்பதால் ஆசனேற்றுகளும் வனடேற்றுகளும் அதே வகுப்பில்தான். அடுத்த கேள்வி, தண்ணீர் இருக்கிறதா. ஐதரொட்சில், புளோரைட்டு போல வேறு எதிரயன் ஏதும் கூட வருகிறதா. கிராப்டனைற்றில் இரண்டும் இல்லை; ஆகவே 8.A. அதற்குள் இருக்கும் நேரயன்கள் (நேர் மின்னேற்றமுள்ள இரும்பு, மங்கனீசு போன்றவை) நடுத்தரப் பருமன் உள்ளவை என்பதால் 8.AB. சேற்றுக்குள் உருவாகும் விவியனைற்றும் இரும்புப் பொசுபேற்றுத்தான், ஆனால் அதன் சூத்திரத்தில் எட்டு நீர் மூலக்கூறுகள் உண்டு. அதனால் அது 8.C பக்கம் போய்விடும். தோண்டி எடுக்கும்போது நிறமற்றோ வெளிறியோ இருந்து, காற்றுப் பட்டதும் நீலமாகிற கனிமம் அது.

அதற்குப் பிறகுதான் இரும்பா மங்கனீசா என்ற கணக்கு. அயன் ஆரை இரும்புக்கு 0.78 அங்ஸ்ட்ரோம் (ஒரு மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு ஒரு அங்ஸ்ட்ரோம்), மங்கனீசுக்கு 0.83, இரண்டுக்கும் ஏற்றம் +2. ஒன்றின் இடத்தில் மற்றது தாராளமாக உட்காரும். எனவே ஒரே கல்லுக்குள்ளேயே இந்த மூலையில் இரும்பு கூடவும் அந்த மூலையில் மங்கனீசு கூடவும் இருக்கலாம். இரும்பு மேலோங்கினால் கிராப்டனைற்று, மங்கனீசு மேலோங்கினால் பியூசைற்று என்பது பழைய கணக்கு. 2018இல் இதைத் திருத்தினார்கள். பளிங்குக்குள் நேரயன்களுக்கு மூன்று வகை இருக்கைகள் உண்டு. அதில் ஒன்று பெரியது, 1.00 அங்ஸ்ட்ரோம் ஆரையுள்ள கல்சியமும் விரும்பி அமரக்கூடியது. அந்தப் பெரிய இருக்கையில் யார் கூட, மற்ற இரண்டிலும் யார் கூட என்று தனித்தனியே பார்த்து, இப்போது இந்தக் கூட்டத்தில் ஐந்து பெயர்கள். இவ்வளவு நுணுக்கமான ஒரு பெயரைத்தான் ஒரு கைத்தொலைபேசிப் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்!

இன்னொன்றும் உண்டு. சார்கோப்சைட்டுக்கும் கிராப்டனைற்றுக்கும் இரசாயனச் சூத்திரம் கிட்டத்தட்ட ஒன்றே. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. பகுப்பாய்வில் எத்தனை வீதம் இரும்பு, எத்தனை வீதம் பொசுபரசு என்று தசமதானம் வரை தெரிந்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. எக்ஸ் கதிர்க் கோணல் முறையில் அடுக்கைப் பார்த்தால்தான் உண்டு.

இனி, கல்லைச் சோதிக்க என்று சிலர் கொண்டுவரும் "துப்பாக்கி"க்கு வருவோம். எக்ஸ் கதிர் உமிழும் கைக்கருவி ஒன்றைக் கொண்டுவந்து, கல்லில் வைத்து அழுத்தி, திரையில் இலக்கம் காட்டி, "இலிதியம் இத்தனை வீதம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கருவி இரும்பையும் மங்கனீசையும் நன்றாகவே காட்டும், பொசுபரசையும் ஓரளவு காட்டும். இலிதியத்தைக் காட்டவே காட்டாது. இலிதியம் அவ்வளவு இலேசான மூலகம்; அதன் கதிர் காற்றைத் தாண்டிக் கருவிக்குள் வந்து சேராது. ஆய்வுகூடத்து இலத்திரன் நுண்ணாய்வுக் கருவிக்கே இந்தச் சிக்கல் உண்டு. லேசரால் பொறி எழுப்பி அளக்கும் கருவியோ, கல்லை அமிலத்தில் கரைத்து அளப்பதோ வேண்டும். ஆகவே எக்ஸ் கதிர்த் துப்பாக்கியில் இலிதிய வீதம் காட்டுகிறவர் காசு கேட்டால், கதவைச் சாத்தலாம்.

பற்றரிக் கதைக்கும் ஒரு வேர் உண்டு. கிராப்டனைற்றோடு மெல்லிய அடுக்கடுக்காகப் பின்னிக் கிடக்கும் இன்னொரு கனிமம் திரிபிலைற்று: இலிதியம் இரும்புப் பொசுபேற்று. அமெரிக்க விஞ்ஞானி ஜோன் குட்இனஃப் குழுவினர் 1997இல் பற்றரி மின்வாயாகப் பயன்படும் என்று காட்டியது இதே சேர்மத்தைத்தான். இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கூரைச் சூரியத்தகட்டோடு வைக்கிற எல்.எஃப்.பி. பற்றரிக்குள் இருப்பதும் அதுவே. இதில் எனக்கு மிகவும் பிடித்த விசயம் ஒன்று: பற்றரி மின்னேறும்போது இலிதியம் வெளியேறி, இரும்பு +2இலிருந்து +3ஆகிறது. திரிபிலைற்று வெடிப்பு வழியே வரும் நீரிலும் ஒட்சிசனிலும் மாறும்போதும் இலிதியம் கரைந்து வெளியேற, இரும்பு அதேபோல +3ஆகி, எட்டரோசைற்று என்ற ஊதாச் சாயலுள்ள கனிமம் மிஞ்சுகிறது. கல்லுக்குள் நடப்பதும் மின்னேற்றம்தான், மின் கட்டணம் மட்டும் இல்லை. ஆனால் பற்றரித் தொழிற்சாலைகள் திரிபிலைற்றைத் தோண்டி எடுத்துப் பயன்படுத்துவதில்லை. இரும்பு உப்பு, இலிதியச் சேர்மம், பொசுபோரிக்கமிலம் என்று தனித்தனியே வாங்கித் தயாரிக்கிறார்கள். அரிய கனிமம் என்றால் விலையுள்ள கனிமம் என்று அர்த்தமில்லை. கைப்பிடி அளவில் மட்டும் கிடைக்கும் பொருளை நம்பி யாரும் ஆலை கட்டமாட்டார்கள். அது சேகரிப்பாளரின் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் போகும்.

கமக்காரர் கேட்கிற கேள்வி வேறு. "பொசுபேற்று எண்டால் பசளைதானே, இடிச்சு வயலில போட்டால் என்ன?" 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது பட்ட பாட்டுக்குப் பிறகு, இதைக் கேட்பதில் பிழையில்லை. சூத்திரப்படி கணக்குப் போட்டால் கலப்பில்லாத இரும்புக் கிராப்டனைற்றில் ஏறத்தாழ 40 வீதம் P₂O₅ (பசளையில் பொசுபரசைக் கணக்கிடும் அளவு) வரும். தாளில் பார்த்தால் கடையில் வாங்கும் ரி.எஸ்.பி. பொசுபேற்றுப் பசளைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பயிர் தாளைப் பார்ப்பதில்லை, கரைவதைத்தான் எடுக்கும். நமக்குத் தெற்கே அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971இல் கண்டுபிடித்த அபடைற்று (கல்சியம் பொசுபேற்று) படிவு எவ்வளவு பெரியது! அதை அரைத்த தூளே கரைவது மெதுவென்பதால் தேயிலை, தென்னை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிருக்குப் போகிறது. மூன்று நான்கு மாத நெல்லுக்கு அது காணாது. இரும்புப் பொசுபேற்றுக் கல்லை இடித்துப் போடுவது அதிலும் வீண்வேலை. செம்மண்ணில் இடுகிற பொசுபரசை இரும்பு பிடித்துவைத்துக்கொள்வதையும், வயலில் தண்ணீர் கட்டி ஒட்சிசன் குறைந்ததும் அதில் ஒரு பங்கு விடுபடுவதையும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்.

அப்படியானால் நம் கையில் கிடைப்பது என்ன? நான் பார்ப்பவற்றில் அநேகம் இரும்புக் கல்தான். கிறவலோடு வரும் உருண்டைகள். மினுக்கப் பூச்சில்லாத பீங்கான் ஓட்டுத் துண்டில் அல்லது தரையோட்டின் பின்புறத்தில் உரசிப் பாருங்கள். மஞ்சட்பழுப்புக் கீற்று என்றால் கோதைற்று வகை, செங்கீற்று என்றால் ஏமடைற்று, கருங்கீற்றோடு காந்தமும் பலமாக இழுத்தால் மக்னடைற்று. கிராப்டனைற்று விழுத்தும் கீற்று வெள்ளை அல்லது மிக மெல்லிய இளஞ்சிவப்பு. கைக்காந்தம் அதை இழுக்காது. கருஞ்சிவப்பாய்க் கண்ணாடியையே கீறுகிறதென்றால் அது கானற்றாக இருக்கலாம், நைசுப் பாறையில் தாராளம். கறுப்புத் தோலில் மருந்துக்கடை ஐதரசன் பேரொட்சைட்டு ஒரு துளி விட்டு நுரை பொங்கினால் மங்கனீசு ஒட்சைட்டு இருக்கலாம். அந்தத் தோல் எந்தக் கல்லிலும் படியும், உள்ளே பொசுபேற்று என்பதற்கு அது சாட்சியில்லை. கடற்கரையோரம் கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணல் இல்மனைற்று. அதற்குள் சிறிதளவு மொனசைற்று என்ற பொசுபேற்றும் உண்டென்பது இந்தப் பக்கத்தின் பெருமை, ஆனால் அதில் இரும்புக்குப் பதில் அருமண் மூலகங்கள்.

சாரடர்த்தி அளக்கச் சமையலறை இலத்திரன் தராசு போதும். முதலில் கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதி தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல் ஒதுக்கிய நீர். முதல் நிறையை அதனால் வகுக்க வேண்டும். 370 கிராம் கல் 100 கிராம் காட்டினால் 3.7. கல்லிலிருந்து குமிழி வந்தபடி இருந்தால் அது துளையுள்ள கல், கணக்குப் பிழைக்கும். ஊறவைத்துப் பிறகு அளக்கலாம்.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால் ஒன்று. வன்னியில் மண்ணுக்குள்ளிருந்து வருகிற, துருவேறிய, பாரமான எல்லாமே கல் அல்ல. மண்ணும் துருவும் சேர்ந்து இறுகிய வெடிபொருளைப் பார்த்த மாத்திரத்தில் இரும்புக் கல்லிலிருந்து பிரித்தறிய என்னாலேயே முடியாது. உருளையாக, ஒழுங்கான விளிம்போடு, ஒரு பக்கம் கூராக, வால்தகடு போல ஏதாவது தெரிய வந்தால் அலவாங்கைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். இடத்தை மற்றவர்களுக்குத் தெரியும்படி அடையாளப்படுத்தி, 119க்கு அல்லது கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்து சுத்தியலால் தட்டிப் பார்ப்பதைக் கண்டால் நான் கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, முதலில் சுத்தியலை வாங்கிவிடுவேன்.

சட்டமும் உண்டு. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனிப்பொருள்கள் சட்டப்படி, கனிமத்தைத் தேடவும் தோண்டவும் ஏற்றவும் விற்கவும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும். காணி உறுதி உங்கள் பெயரில் இருப்பது போதாது. "லொறி அனுப்புறம், முற்பணம் மட்டும் போடுங்கோ" என்பவரிடம் அந்த உரிமத்தின் இலக்கத்தைக் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வெள்ளைக் கீற்றும் 3.7க்குக் கிட்டிய சாரடர்த்தியும் காட்டுகிற கல் ஒன்று உங்களிடம் இருந்தால் எனக்கும் பார்க்க ஆசைதான். பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறை போன்ற இடத்துக்கு அனுப்பக்கூடியது அது. கழுவ வேண்டாம், கறுப்புத் தோலைச் சுரண்டவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் வெள்ளைப் பாறையோடு சேர்த்தே, பத்திரிகைத் தாளில் சுற்றி, எந்த ஊர், எந்தக் கிடங்கு, எத்தனை அடி ஆழம், பாறையில் ஒட்டியிருந்ததா மண்ணில் தனியே கிடந்ததா என்று பென்சிலால் எழுதிப் பைக்குள் போடுங்கள்; பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.