பேட் செக்டர்: பழுதுக்கூறு

இயங்குதளத்தை மறுபடி நிறுவும்போது கோப்புகள் பாதி நகலான நிலையில், வட்டில் எழுத முடியவில்லை என்று வேலை நின்றுவிடுகிறது. 'பேட் செக்டர்' என்ற பெயர் அங்கேதான் பலர் காதில் முதலில் விழுகிறது.

'செக்டர்' லத்தீன் சொல். வெட்டுதல் என்ற வினையிலிருந்து வந்தது. 'வெட்டுபவர்' என்பது அதன் பழைய பொருள். வடிவியலில் அது இரண்டு ஆரங்களுக்கும் ஒரு வில்லுக்கும் இடைப்பட்ட பகுதியைக் குறித்தது. நம் கணக்குப் பாடநூல்கள் அதை வட்டக்கோணப்பகுதி என்கின்றன. 1956இல் ஐபிஎம் 50 தட்டுகள் கொண்ட வட்டு நினைவகத்தை வெளியிட்டது. அதன் வழிவந்த வன்வட்டுகளில் தகவல் வட்டத் தடங்களாகப் பதிகிறது. ஒவ்வொரு தடமும் சிறு துண்டுகளாகிறது. அந்தத் துண்டுதான் செக்டர். நெடுங்காலம் அதன் அளவு 512 பைட். 2010 வாக்கில் 4096 பைட் துண்டுகள் பரவின. வெளித்தடங்களில் அதிகத் துண்டுகளை வைக்கும் முறை வந்தபின் பழைய ஆப்பு வடிவம் மறைந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் இதைப் 'பிரிவு' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. வட்டைப் பெரிய பகுதிகளாக வகுக்கும் பார்ட்டிஷனையும் பிரிவு என்றே சொல்லிவருகிறோம். நிறுவும் திரையில் பார்ட்டிஷனை அழித்துப் புதிதாக உருவாக்குபவர், பிரிவு சரியாகிவிட்டது என்று நம்பி அதே இடத்தில் மறுபடி முட்டி நிற்பார். பார்ட்டிஷன் என்பது எல்லைக்கோடு மட்டுமே. கோட்டை மாற்றி வரைவதால் அடியிலுள்ள காந்தப்பரப்பு குணமாகாது. விரைவு பார்மட்டும் பரப்பைச் சோதிப்பதில்லை. ஆகவே பார்ட்டிஷனுக்குப் 'பாகம்', செக்டருக்குக் 'கூறு' என்று பிரித்து வழங்க வேண்டும். கூறு போடுதல் என்றாலே நமக்கு வெட்டித் துண்டாக்குதல்தானே. லத்தீன் வேரின் பொருள் அப்படியே இருக்கிறது.

'பேட்' என்பதற்குக் கெட்ட, மோசமான என்பதைவிடப் 'பழுது' பொருந்தும். நம்பிப் படிக்கவோ எழுதவோ முடியாத கூறு பழுதுக்கூறு.

இந்தப் பெயரைச் சொல்லும் முன் உண்மையில் பழுதுக்கூறுதானா என்று பார்க்க வேண்டும். வன்வட்டில் மாற்றுக்கூறுகள் உபரியாக உண்டு. ஒரு கூற்றைப் படிக்க முடியாதபோது வட்டு அதை ஐயப்பட்டியலில் வைக்கிறது. அடுத்து அங்கே எழுதும்போது சோதித்து, தேறாவிட்டால் மாற்றுக்கூற்றுக்குத் திருப்பிவிடுகிறது. நமக்கு எதுவும் தெரிவதில்லை. அதனால்தான் எழுதும் பிழை வெளியே தெரிந்தால் நான் அதைப் படிக்கும் பிழையைவிடக் கடுமையானதாக எடுத்துக்கொள்வேன். உபரி தீர்ந்திருக்கலாம். அல்லது கோளாறு வட்டிலேயே இல்லாமல் கேபிளிலோ மின்வழங்கியிலோ இருக்கலாம். நிறுவப் பயன்படுத்தும் பென்டிரைவ் பழுதானாலும் நகல் பாதியில் நிற்கும்.

வட்டு தன் நிலையைத் தானே எண்ணிட்டுக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவு இதைப் பிரித்துக் காட்டும். 5ஆம் எண் மாற்றப்பட்ட கூறுகள், 197 ஐயப்பட்டியலில் உள்ளவை, 199 வட்டுக்கும் கணினிக்கும் இடையே தரவு கடக்கும்போது நேர்ந்த பிழைகள். 199 ஏறிக்கொண்டே போய் மற்ற இரண்டும் சுழியமாக இருந்தால் முதலில் வட்டைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். வட்டைத் தூக்கிப் போட அவசரம் வேண்டாம். 5உம் 197உம் நாளுக்கு நாள் கூடினால், நிறுவலை நிறுத்திவிட்டுத் தரவை வேறிடத்துக்கு நகலெடுப்பதே முதல் வேலை. முழு பார்மட் அதற்குப் பிறகுதான், ஏனெனில் அது எல்லாவற்றையும் அழித்துவிடும்.

சிலர் 'வட்டுக்கூறு' என்று எழுதலாம் என்பார்கள். சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் வட்டே கிடையாது. இருந்தும் கணினி அதனோடு செக்டர் கணக்கில்தான் பேசுகிறது. வட்டைச் சேர்க்காத 'பழுதுக்கூறு' இரண்டுக்கும் பொருந்தும்.