கேபிடேஷன்: தலைக்கு இவ்வளவு

கேபிடேஷன் ஃபீஸ் என்றதும் நமக்குக் கல்லூரி சீட்டும் கட்டாய நன்கொடையும்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் அதைத் தடுக்க 1992-இல் சட்டமே போட்டார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, இந்தியாவின் படைச் செலவு யார் தலையில் விழவேண்டும் என்று லண்டனும் இந்திய அரசும் மல்லுக்கு நின்ற வழக்கில் அடிபட்ட சொல் இது.

லத்தீனில் ‘கபுட்’ என்றால் தலை. அதிலிருந்து வந்தது கேபிடேஷன். 1695-இல் பதினான்காம் லூயி பிரான்சில் விதித்த தலைவரிக்கும் இதே பெயர்தான்.

1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படை பிரிட்டிஷ் படையோடு சேர்க்கப்பட்டது. இந்தியாவுக்கு அனுப்பும் வெள்ளைச் சிப்பாய்களை இங்கிலாந்தில் ஆளெடுத்துப் பழக்கும் செலவையும் இந்தியக் கஜானாவே தரவேண்டும் என்றது லண்டன் போர் அலுவலகம். 1861 முதல் தலைக்கு 10 பவுண்டு. இதுதான் அந்தக் கேபிடேஷன். 1890-இல் அது ஏழரை பவுண்டாக இறங்கி, 1908-இல் 11 பவுண்டு 8 ஷில்லிங்காக ஏறியது. இங்கே வந்தபின் ஆகும் சம்பளமும் சாப்பாடும் தனிக்கணக்கு!

வடமேற்கு எல்லையில் ரஷ்யாவைத் தடுக்க நிறுத்திய படை பேரரசு முழுவதற்கும்தானே காவல்? அப்படியானால் பிரிட்டனும் பங்கு தரவேண்டாமா? இந்தியாவின் செலவுகளை ஆராய 1895-இல் அமைந்த வெல்பி ஆணையத்தில் உறுப்பினராக இருந்த தாதாபாய் நவ்ரோஜி இந்த நியாயத்தை விடாமல் எழுப்பினார். ‘சுதேசமித்திரன்’ நடத்திய நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் 1897-இல் லண்டன் போய் அதே ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னார். இரண்டாம் ஆப்கான் போரில் பிரிட்டன் 50 லட்சம் பவுண்டு தந்தது உண்மை. மிச்சச் செலவின் பெரும்பகுதி இந்தியாவின் தலையில்தான் விழுந்தது.

வழக்கு 1932-இல் ஆஸ்திரேலியாவின் ராபர்ட் கார்ரன் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போனது. ஷாதி லால், ஷா முகமது சுலைமான் என இரு இந்திய நீதிபதிகளும் அதில் இருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்ற அந்தக் கட்டணம் தொடர்ந்தது. ஆனால் இந்தியப் படை அவசரத்துக்கு உடனே களமிறங்கக் கூடியது, பிரிட்டிஷ் வீரர்களுக்கு இந்தியா நிஜமான போர்ப் பயிற்சிக் களம் என்ற காரணங்களால், 1933 முதல் பிரிட்டன் ஆண்டுக்கு 15 லட்சம் பவுண்டு தருவதென்று முடிவானது. எழுபது ஆண்டு வாதாடிக் கிடைத்தது இவ்வளவுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தலைவரி’ பொருந்தாது. அது குடிமக்களிடம் ஆளுக்கு இவ்வளவு என அரசு வசூலிப்பது. ஊர்த் திருவிழாவின் ‘தலைக்கட்டு வரி’ குடும்பக் கணக்கு, அதுவும் ஊரார் கூடிப் பேசி வைத்துக்கொள்வது. இங்கே ஓர் அரசு இன்னோர் அரசுக்குச் சிப்பாய்களை எண்ணிப் பணம் கட்டியது. அதனால் ‘தலைவீதக் கட்டணம்’ என்பதே சரி. ‘படைவீரர் தலைவீதக் கட்டணம்’ என்று முழுசாக எழுதினால் கல்லூரிக் கட்டணத்தோடு குழம்பாது. கல்லூரி வசூலுக்குக் ‘கட்டாய நன்கொடை’ என்ற வழக்கே போதும்.