ஆறுமணிக்குருவியின் கண்ணுக்குள் ஒரு காம்பஸ்

மதுரைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அக்டோபர் மாதக் காலை, மாடிப்படி மூலையில் ஒரு பறவை ஒண்டிக்கொண்டிருந்ததாம். பச்சை முதுகு, சந்தன நிற நெஞ்சு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "முன்னப்பின்ன பார்க்காத பறவை வீட்டுக்குள்ள வந்தா ஆகாது, பரிகாரம் பண்ணிடு" என்றாராம். இது எங்கிருந்து வந்தது, வழி எப்படித் தெரிந்தது என்பது வாசகியின் கேள்வி.

பரிகாரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசிலடிப்பதுபோலக் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் இரவில். களைத்துப்போயோ, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறியோ, கண்ணாடியில் மோதியோ வீடுகளில் இறங்கிவிடும். அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, இருட்டான இடத்தில் அமைதியாக வையுங்கள். பொழுது சாயும்போது மரம் இருக்கும் இடமாகப் பார்த்து விடுங்கள். பட்டப்பகலில் விட்டால் காக்கைகள் சும்மா இருக்காது.

சரி, வழி எப்படித் தெரிகிறது? வலசைப் பறவைகள் சூரியனைப் பார்க்கும், நட்சத்திரங்களைப் பார்க்கும் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். மேகம் மூடிய இரவில்? அங்கேதான் காந்தம் வருகிறது.

வலசைக் காலம் வந்துவிட்டால் கூண்டுப் பறவைக்கும் இருப்புக் கொள்ளாது. போக வேண்டிய திசையைப் பார்த்தே துள்ளிக்கொண்டிருக்கும். 1960களில் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் வொல்ஃப்காங் வில்ட்ஷ்கோ என்ற ஆய்வாளர், ஐரோப்பிய ராபின் என்ற சிறு வலசைப் பறவையின் கூண்டைச் சுற்றிக் கம்பிச்சுருள் வைத்துக் காந்தப்புலத்தைத் திருப்பினார். துள்ளும் திசையும் திரும்பியது. 1972இல் அவரும் மனைவி ரோஸ்விதாவும் இன்னொரு குறும்பு செய்தார்கள். காந்த வடக்கை அப்படியே விட்டுவிட்டு, புலத்தின் சாய்வை மட்டும் தலைகீழாக்கினார்கள். பறவைகள் நேர் எதிர்ப்பக்கம் துள்ளின! அதாவது, ராபின் நம் காம்பஸ் போல வடக்கு தெற்கு பார்ப்பதில்லை. காந்தக் கோடுகள் எந்தப் பக்கம் தரையை நோக்கிச் சரிகின்றன என்று பார்க்கிறது. சரியும் பக்கம் துருவம், மற்றப் பக்கம் பூமத்தியரேகை. அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

இந்தக் காம்பஸ் இருப்பது கண்ணில் என்பதுதான் என்னைச் சொக்க வைக்கும் விஷயம். பச்சை, நீல ஒளியில் ராபினுக்குத் திசை தெரிகிறது; சிவப்பு ஒளியில் தடுமாறுகிறது. விழித்திரையில் கிரிப்டோகுரோம் என்றொரு புரதம் இருக்கிறது. நீல ஒளி பட்டதும் அதற்குள் ஓர் எலெக்ட்ரான் இடம் தாவுகிறது. தாவியதும், விட்டுவந்த இடத்தில் துணையின்றி நிற்பதுமாக இரண்டு எலெக்ட்ரான்கள். ஒவ்வொன்றுக்கும் தற்சுழற்சி உண்டு. இரண்டின் சுழற்சியும் எதிரெதிராகவும் இருக்கலாம், ஒத்தும் இருக்கலாம். அந்த இரு நிலைகளுக்கும் இடையே ஜோடி ஊசலாடுகிறது. எந்த நிலையில் எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து, அடுத்து நடக்கும் வேதிவினை மாறும்.

பூமியின் காந்தம் மிகமிகப் பலவீனமானது. மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டத்தோடு ஒப்பிட்டால், எலெக்ட்ரானுக்கு அது தரும் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு எப்படி? தரையில் கிடக்கும் பம்பரத்தை ஊதி நகர்த்த முடியாது. சுற்றி ஓய்ந்து, தலை ஆடிக்கொண்டிருக்கும் பம்பரத்தை லேசாக ஊதினாலே எந்தப் பக்கம் சாயும் என்பது மாறிவிடும். ஒளி செய்வது பம்பரத்தை அந்த நிலைக்குக் கொண்டுவரும் வேலை. காந்தம் ஊதுகிறது, அவ்வளவுதான். இந்த மாதிரி ஜோடிகள்தான் பறவையின் காம்பஸ் என்று இயற்பியலாளர் கிளாஸ் ஷுல்டன் 1978இலேயே சொன்னார். 2021இல் ஓல்டன்பர்க், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ராபினின் கிரிப்டோகுரோம்-4 புரதத்தைச் சோதனைக்கூடத்தில் தயாரித்துப் பார்த்தார்கள். வலசை போகாத கோழியின் புரதத்தைவிட அது காந்தத்துக்கு அதிகமாக அசைந்துகொடுத்தது. பூமியினுடையதைவிட வலுவான காந்தத்தை வைத்துச் செய்த சோதனை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது நம்மூருக்கு வருவோம். காந்தக் கோடுகள் சரியாமல் தரைக்கு இணையாகப் படுத்துவிடும் காந்த நடுக்கோடு, இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்குக் காரணமே அதுதான். சாய்வை மட்டும் நம்பும் காம்பஸ் அந்தக் கோட்டில் குழம்பும், தாண்டிவிட்டாலோ தலைகீழாகிவிடும். ஐரோப்பாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை போகும் ஒரு கதிர்க்குருவியைக் கூண்டில் வைத்து, படுத்த காந்தப்புலத்தைக் காட்டிப் பார்த்தார்கள் வில்ட்ஷ்கோ தம்பதி. அதற்குப் பிறகு அந்தக் குருவி, "துருவத்துக்கு எதிரே போ" என்ற விதியை "துருவத்தை நோக்கிப் போ" என்று மாற்றிக்கொண்டது. தெற்கே போவது தடைபடவில்லை.

இலங்கையின் தென்பாதிக்குப் போகும் ஆறுமணிக்குருவியும் இந்தக் கோட்டைத் தாண்டித்தான் போகிறது. இதை ஆராய உலகத்தில் இதைவிட நல்ல இடம் அதிகமில்லை. என் நண்பர் ஒருவர் பறவைக் கண் ஆய்வுக்கு நிதி கேட்டுப் போனபோது, "இதனால் விவசாயிக்கு என்ன லாபம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவர் கேட்டது ஒரு மரக்கொட்டகை, கொஞ்சம் செம்புக்கம்பி, ஓர் உதவியாளரின் சம்பளம். ராக்கெட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற காசுகூட ஆகியிருக்காது.