பிரேக் போட்ட பிறகு ஓட்டுநருக்கு என்ன நடக்கிறது?

"ரயிலில் ஒருவர் அடிபட்டால் ஓட்டுநர் என்ன ஆவார்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

ரயில் ஓட்டுநரால் வண்டியை ஒதுக்கித் திருப்ப முடியாது. ஹார்ன், பிரேக், அவ்வளவுதான். மணிக்கு 88 கி.மீ. வேகத்தில் வரும் நீண்ட சரக்கு ரயில் நிற்க 1.6 கி.மீ.க்கு மேலும் ஆகும். பிரேக்கைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மனதைக் குத்துவது அந்த நொடிகள்தான்.

அப்போது சுரக்கும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோன், மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியைத் தூண்டி, கண்ட காட்சியையும் கேட்ட சத்தத்தையும் அழுத்தமாகப் பதியவைக்கிறது. 'இது எங்கே, எப்போது நடந்தது' என்று குறித்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி அந்த நெருக்கடியில் தடுமாறுகிறது. அதனால் பல நாள் கழித்து வேறொரு ஹார்ன் சத்தம் கேட்டாலும், காட்சி இப்போது நடப்பதுபோலவே திரும்பி வருகிறது.

நினைவு கெட்டிப்படச் சில மணி நேரம் பிடிக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்தியது. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு, சாலை விபத்து நடந்து 6 மணி நேரத்துக்குள் வந்த 71 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினர் விபத்தின் மோசமான கணத்தைச் சற்றே நினைவுகூர்ந்துவிட்டு, 20 நிமிடம் டெட்ரிஸ் என்ற, விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கும் வீடியோ கேம் ஆடினார்கள். கட்டைகளை மனதுக்குள் திருப்பிப் பார்க்க, காட்சி நினைவுக்குத் தேவைப்படும் அதே மூளைத்திறன்தான் செலவாகிறது. போட்டியில் விபத்துக் காட்சி மங்கலாகப் பதிகிறது. அடுத்த ஒரு வாரத்தில் தானாக வந்து தாக்கும் காட்சிகள் இவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவு. ஆய்வகச் சோதனையில், சொற்களால் ஆடும் வினாடி வினாவுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. இவ்வளவு மலிவான வழியை ரயில் ஊழியர்களிடம் பெரிய அளவில் சோதிக்க அரசுகள் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

'எல்லாவற்றையும் கொட்டிவிடு' என்று அன்றே உட்காரவைத்து ஒரே அமர்வில் பேசவைப்பது பலன் தருவதில்லை. சிலருக்குக் கெடுதலும் செய்யலாம். மந்திரித்துத் திருநீறு போட்டுவிட்டு மறுநாளே வேலைக்கு அனுப்புவதும் தவறுதான்.

அமெரிக்காவில் 2014-இல் வந்த ரயில்வே விதி நடைமுறைக்கு ஏற்றது. பெரிய சரக்கு நிறுவனங்களும் பயணிகள் ரயில் நிறுவனங்களும் அந்த ஷிப்டின் மீதி வேலையிலிருந்து ஊழியரை விடுவிக்க முன்வர வேண்டும், அவர் பணி தொடங்கிய நிலையத்துக்குத் திரும்ப வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும், ஆலோசனையும் தேவைப்பட்டால் கூடுதல் விடுப்பும் தர வேண்டும். சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக விடக்கூடாது, கவனம் சிதறியிருக்கும். தூக்கமின்மையும் திடுக்கிடலும் ஒரு மாதம் தாண்டினால், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சை வேண்டும். திரும்பி வந்ததும் அதே லெவல் கிராசிங்கைக் கடக்கும் முதல் சில ஓட்டங்களில், அனுபவமுள்ள இன்னொரு ஓட்டுநர் கேபினில் உடன் இருப்பது நல்லது.